பக்கத்து வண்டியின் கயிறு

நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதற்கு உண்மையான காரணத்தை வெளியே சொன்னதில்லை. கேட்பவர்களிடம் "சின்ன வயசு ஆசை" என்று சொல்லிவைப்பேன். பொய். கோம்பையில் விமானம் என்பது அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஊர்ந்துபோகும் வெள்ளைக் கோடு. அதைப் பார்த்து எனக்கு எந்த ஆசையும் வந்ததில்லை. பக்கத்தில் ஆள் இல்லாத ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் அப்படி ஓர் இடம் கிடையாது. வீட்டில் என்ன குழம்பு, யார் வந்துபோனார்கள், எந்த மாப்பிள்ளை வீட்டார் ஏன் திரும்பி வரவில்லை, எல்லாம் நமக்கு முன்பே எதிர்வீட்டுக்குத் தெரிந்திருக்கும். வேலைக்கு அமெரிக்கா வந்து, சிகாகோவுக்கு மேற்கே ஒரு சிறு ஊரில் குடியேறிய பிறகும் எனக்கு அந்தப் புழுக்கம் போகவில்லை. வார இறுதிகளில் பக்கத்து விமானத்தளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். தனியார் ஓட்டுநர் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. எனக்கு அதைவிட நிறையவே பிடித்தது. மக்காச்சோளக் காடுகளுக்கு மேலே மூவாயிரம் அடியில், பக்கத்து சீட் காலியாக, யாரும் கூப்பிட முடியாமல் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் சம்பளத்தில் பாதியைக் கொட்டினேன் என்று இப்போது சொல்லலாம்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. எங்கள் திராட்சைத் தோட்டம் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது. நிமிர்ந்தால் ராமக்கல்மேடு. கேரளத்துக்காரர்கள் அங்கே நின்றுகொண்டு எங்கள் பள்ளத்தாக்கைப் படம் பிடிப்பார்கள். நாங்கள் கீழே நின்றுகொண்டு அங்கிருந்து இறங்கிவரும் ஆடிக்காற்றை வாங்கிக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் வேகத்தை மட்டும் எங்களுக்கு அனுப்பும். மேட்டில் இப்போது காற்றாலைகள் சுற்றுவது சும்மா இல்லை.

நான் பத்தாவது படித்த வருடம், ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி, பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமின் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு பறந்து வந்து எங்கள் பந்தலில் விழுந்தது. கம்பி அறுந்தது. பழுக்கும் பருவத்துப் பன்னீர் திராட்சை. ஒரு பக்கம் கம்பி போனால் பந்தல் அந்தப் பக்கமாகத் தொங்கும், கொடி தன் பாரத்தாலேயே மீதியையும் இழுத்துக் கீழே போடும். விடிந்து பார்த்தபோது கால் பங்கு தோட்டம் தரையில் கிடந்தது. நஷ்டஈடு கேட்டார் அப்பா. "காத்து கொண்டுவந்ததுக்கு நான் என்ன செய்வேன்" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். பேச்சு முற்றியது. ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைத்த இரண்டு குடும்பமும் முகம் பார்ப்பதை நிறுத்தின. பள்ளிக்கூடம் போகக்கூட அந்த வரப்பை விட்டுச் சுற்றிப் போனேன். பக்கம் என்றாலே வில்லங்கம் என்று மனதில் பதிந்துபோனது.

இப்படிப்பட்டவள் பத்தாயிரம் விமானங்களுக்கு நடுவில், இறக்கைக்கு இறக்கை ஒட்டினாற்போலக் கூடாரம் போட்டுப் படுக்கப் போனது முரண்தான். அமெரிக்காவில் சிறு விமானம் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு நேர்த்திக்கடன் போல. ஒரு தடவையாவது ஓஷ்கோஷ் போயிருக்க வேண்டும்.

விஸ்கான்சின் மாநிலத்தில், வின்னபேகோ ஏரிக்கரையில் இருக்கும் சிறு நகரம் ஓஷ்கோஷ். அங்கே விட்மன் விமானத்தளத்தில் வருடாவருடம் ஜூலைக் கடைசியில் ஒரு வாரம் 'ஏர்வென்சர்' நடக்கிறது. பால் போபரெஸ்னி என்பவர் 1953-ல் மில்வாக்கியில் தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் நடத்துவது. வீட்டு ஷெட்டில் தாங்களே விமானம் செய்துகொண்டவர்களின் சங்கம் அது. முதல் வருடம் இருபது சொச்சம் விமானங்கள் வந்தனவாம். கூட்டம் பெருத்து, இலினாய்ஸின் ராக்ஃபோர்டுக்குப் போய், 1970 முதல் ஓஷ்கோஷில் நிலைத்துவிட்டது. 2023-ல் வந்தவர்கள் ஆறே முக்கால் லட்சத்துக்கும் மேல். அந்த ஒரு வாரம் உலகிலேயே மும்முரமான கட்டுப்பாட்டுக் கோபுரம் அதுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். வாடகைக்கு அறை எடுப்பவர்கள் உண்டு; காரில் வந்து தனி மைதானத்தில் கூடாரம் போடுபவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் அசல் ஆட்கள் தங்கள் விமானத்திலேயே வந்து இறங்கி, புல்வெளியில் நிறுத்தி, இறக்கைக்கடியில் படுப்பார்கள்.

நம் ஊரில் இது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். தேனி மாவட்டத்தில் விமானத்தளமே கிடையாது, மதுரைக்குத்தான் போக வேண்டும். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் என்.சி.சி. மாணவர்களுக்காக 650 மீட்டரில் ஓர் ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் முதல் இலகு விமானம் அங்கே இறங்கியது. எங்கள் மலைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை விமானம் ஓட்டக் கற்கலாம் என்பதே எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

நான் முதல் தடவை ஓஷ்கோஷ் கிளம்பிய வருடம், அம்மா கோம்பையிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்தாள். அப்பா போன பிறகு முதல் பயணம். தனியாகப் போகத்தான் எனக்கு ஆசை. ஆனால் பாஷை தெரியாத வீட்டில் அவளை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

எங்களுடையது 1974-ல் செய்த செஸ்னா 172. எங்களுடையது என்றால் நாலு பேர் பங்கு போட்டு வாங்கியது. என் பங்கு ஒரு இறக்கையும் அரை வாலும் என்று கிண்டல் செய்துகொள்வோம். சிறு விமானத்தில் எல்லாமே எடைக் கணக்கு. மொத்தம் 1,043 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் 54 கிலோதான். குளியலறைத் தராசைக் கூடத்தில் வைத்து ஒவ்வொரு பையாக நிறுத்தேன். ஐந்து கிலோ இட்லி அரிசி. ஊறுகாய் பாட்டில்கள். குக்கர். கடைசியில் அம்மாவையும் ஏறச் சொன்னேன்.

"என்னத்தா, என்னையும் நிறுத்தா பாக்கப் போற?"

"எல்லாரையும்தாம்மா. நானும்தான்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பகூட உங்கப்பா வீட்டுல என்னைய நிறுக்கல."

ஏறினாள். எவ்வளவு என்பதை எழுத வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அரிசியில் பாதியை இறக்கி வைத்தேன், குக்கர் வந்தது.

ஓஷ்கோஷில் இறங்குவதற்கென்று ஒவ்வொரு வருடமும் ஒரு தனி அறிவிப்புப் புத்தகம் வெளியிடுகிறார்கள். அதை மனப்பாடம் செய்யாமல் கிளம்புபவன் மடையன். சாரம் இதுதான். ரிப்பன் என்ற சிற்றூருக்கு மேலே வர வேண்டும். அங்கிருந்து ஃபிஸ்க் என்ற கிராமம் வரை ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, அரை மைல் இடைவெளியில், 1,800 அடி உயரத்தில், 90 நாட் வேகத்தில் வர வேண்டும். மணிக்கு 165 கிலோமீட்டர் சொச்சம். முந்தக் கூடாது. முக்கியமாக, ரேடியோவில் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டுக்கொண்டு மட்டும் வர வேண்டும். ஃபிஸ்கில் தரையில் சில கட்டுப்பாட்டாளர்கள் பைனாகுலரோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் பெயரோ எண்ணோ வேண்டாம். நிறத்தையும் இறக்கை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதையும் வைத்துக் கூப்பிடுவார்கள்: "வெள்ளை ஹை விங், இறக்கையை ஆட்டு." ஆட்டினால் அதுதான் பதில். எந்த ஓடுபாதை என்று சொல்லி அனுப்பிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்கள்.

வருடம் முழுக்க வானத்தில் தனியாகத் திரிந்தவளுக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். முன்னால் போன மஞ்சள் விமானம் கொஞ்சம் தயங்கினால் எனக்கு வயிறு கலங்கும். நான் தயங்கினால் பின்னால் வருபவனுக்குக் கலங்கும். அவன் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் என் உயிர் அவன் கையில் இருந்தது.

அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், ரிப்பன் தாண்டினால் பேசக் கூடாதென்று. காதில் ஹெட்செட்டோடு பொம்மை போல உட்கார்ந்திருந்தாள். "வெள்ளை ஹை விங்" என்று என்னைக் கூப்பிட்டதும் நான் இறக்கையை இரண்டு பக்கமும் நன்றாகச் சாய்த்து ஆட்டினேன்.

"ஏத்தா! ஆட்டம் காணுதுத்தா!" என்று அலறினாள். ரேடியோ பொத்தானை நான் அழுத்தவில்லை என்பதால் அந்த அலறல் எங்கள் இருவரோடு போயிற்று.

ஓடுபாதையில் ஆள் உயரத்துக்கும் பெரிதாக வண்ணப் புள்ளிகள் வரைந்திருக்கிறார்கள். ஒரே பாதையில் ஒருவன் ஆரஞ்சுப் புள்ளியில் இறங்கும்போது இன்னொருவன் அதைத் தாண்டிப் பச்சையில் இறங்குவான். வழக்கமான விமானத்தளங்களில் இப்படி விடமாட்டார்கள். எனக்குப் பச்சை. இறங்கி ஓரங்கட்டியதும் புல்லுக்குள் திருப்பிவிட்டார்கள். முன்கண்ணாடியில் 'ஜி.ஏ.சி.' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து, கூடாரம் போடும் கும்பல் என்று புரிந்துகொண்டு, ஸ்கூட்டரில் ஒரு தன்னார்வலர் முன்னால் வழிகாட்டிப் போனார். அவரைப் போன்ற தன்னார்வலர்கள் ஐயாயிரம் பேருக்கும் மேல். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. 'நார்த் ஃபார்ட்டி' என்ற பகுதியில், ஓடுபாதையைப் பார்த்தாற்போல ஒரு வரிசையில் இடம் கிடைத்தது.

இந்த ஜனக்கூட்டத்தைப் பார்த்துவிட்டு அம்மா எங்கள் ஊர்ப்பக்கத்து வீரபாண்டித் திருவிழாவைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டது, "கக்கூசு எங்கிட்டு இருக்கு?"

விமானத்தைக் கட்டுவதுதான் முதல் வேலை. கட்டாமல் விடக் கூடாது என்பது அங்கே விதியாகவே இருக்கிறது. விளையாட்டல்ல. நிற்கிற விமானத்துக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. தான் ஓடுவதால் வருகிறதா, காற்று தானே அடிக்கிறதா என்று இறக்கை பேதம் பார்ப்பதில்லை. எங்கள் செஸ்னா ஏறக்குறைய 50 நாட் வேகத்தில் காற்றில் நிற்கத் தொடங்கும். மணிக்கு தொண்ணூறு கிலோமீட்டர் புயல்காற்று எதிரே வந்தால், ஆளில்லாமலே எழும்பப் பார்க்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் தூக்கும் விசை நாலு மடங்கு. ஆகவே இறக்கைக்கு ஒன்றாக இரண்டு, வாலுக்கு ஒன்று, மூன்று முளை அடித்துக் கயிறு கட்ட வேண்டும். மேலே பார்க்கப் புல், அடியில் இறுகிய மண். சுத்தியல் அடிக்கு அடி துள்ளியது.

"முளைய நேரா அடிக்காத, சாச்சு அடி" என்றாள் அம்மா. மாடு கட்டிய கை, சரியாகத்தான் சொன்னாள். அடுத்து கயிற்றை விறைக்க இழுத்து இறுக்கப் போனாள். அது தவறு. மழையில் சில கயிறுகள் சுருங்கும். துளி தளர்வு விட வேண்டும், இல்லாவிட்டால் இறக்கைக்கே சேதம். சொன்னேன். "மாடுன்னா இப்புடி விட்டா மேயப் போயிரும்" என்று முணுமுணுத்தபடி விட்டாள்.

கூடாரம் இறக்கைக்கடியில். உயர்ந்த இறக்கை என்பதால் நிழல் எங்களுக்குத்தான். வலப்பக்கம் நெப்ராஸ்காவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார், பேரனோடு, பைப்பர் செரோக்கியில். இடப்பக்கம் கனடாவிலிருந்து ஒரு தம்பதி, மூனியில். இரண்டுமே தாழ்ந்த இறக்கை. அதன் மேல் உட்காரலாம், அடியில் ஒதுங்க முடியாது. மதியம் ஆனதும் இரண்டு வீட்டாரும் மடக்கு நாற்காலிகளோடு எங்கள் நிழலுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு உள்ளூர எரிந்தது. இதிலிருந்து தப்பிக்கத்தானே நான் பறக்கவே ஆரம்பித்தேன்.

செஸ்னாவின் இறக்கைப் பின்விளிம்பு சரியாக நெற்றி உயரத்தில் இருக்கும். உயரமான ஆட்கள் வந்தால் இடித்துக்கொண்டு நெற்றியில் தழும்போடு போவார்கள். வாத்தியாருக்கு முதல் நாளே ரத்தம் வந்தது. அம்மா தன் பழைய சேலையிலிருந்து சிவப்புக் கரையைக் கிழித்து, விளிம்பு நெடுக மூன்று இடத்தில் தொங்கவிட்டாள். அடுத்த நாள் வரிசையில் இன்னும் நாலைந்து செஸ்னாக்களில் அதே சேலையின் துண்டுகள் ஆடின. எங்கள் சேலை எப்படி அங்கெல்லாம் போனது என்று கேட்டேன். "கேட்டாக, குடுத்தேன்." எந்த மொழியில் கேட்டார்கள், இவள் எந்த மொழியில் கொடுத்தாள் என்பது தெரியவில்லை.

மொழிபெயர்ப்பு வேலை என் தலையில். வாத்தியாரின் தம்பிக்கு மக்காச்சோள விவசாயம் என்று தெரிந்ததும் அம்மா விடவில்லை. எத்தனை ஏக்கர்? எத்தனை அடியில் தண்ணீர்? ஒகல்லாலா என்ற மாபெரும் நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து இறைப்பதாகவும், அதன் மட்டம் வருடாவருடம் இறங்கிக்கொண்டே போவதாகவும் அவர் சொன்னார். "நம்ம போர் மாதிரிதான்" என்று அவள் ஆறுதல் சொன்னாள். அடுத்து, பேரனின் அப்பா ஏன் கூட வரவில்லை, பென்ஷன் எவ்வளவு. இந்த இரண்டையும் நான் மொழிபெயர்க்கவில்லை. "உங்கள் விமானம் அழகாக இருக்கிறது என்கிறாள்" என்றேன். மனிதர் நெகிழ்ந்துபோனார்.

விமான சாகசங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. மதியம் மதியம் நடக்கும். இரண்டு இரவுகள் வாணவேடிக்கையோடு நடக்கும். போர் விமானம் ஒன்று தலைக்கு மேல் பிளந்துகொண்டு போனபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் மேற்கே வானம் கறுத்தது. எல்லோருடைய போனிலும் எச்சரிக்கை வந்தது. ஒலிபெருக்கியில் புயல் வருகிறது, கட்டடங்களுக்குப் போங்கள் என்றார்கள். அந்த ஊரில் ஜூலைப் புயல் புதிதல்ல. 2010-ல் நிகழ்ச்சிக்கு முன்பே கொட்டிய மழையில் மைதானம் சேறாகி, வந்த விமானங்களுக்கு நிறுத்த இடமில்லாமல் திருப்பி அனுப்பினார்கள். அதைவிட எல்லோர் மனதிலும் இருந்தது இன்னொன்று: 2011 மார்ச் 31-ல் ஃப்ளோரிடாவின் லேக்லாண்டில் இதே போன்றதொரு விழாவில் சூறாவளி புகுந்து பல டஜன் விமானங்களைப் புரட்டிப் போட்டது.

நான் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, வாத்தியார் எங்கள் வால் பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை, கொள்ளவில்லை. எனக்குச் சுர்ரென்றது. எங்கள் தெருவில் அடுப்படி வரை வந்து மூடியைத் திறந்து பார்ப்பவர்களின் நினைவு வந்தது. "அது சரியாகத்தான் இருக்கிறது" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

அவர் சிரித்தார். உன் விமானம் அவிழ்ந்தால் முதலில் வந்து நிற்பது என் விமானத்தின் மேல்தான், என்னுடையது அவிழ்ந்தால் உன்னுடையதன் மேல், நீயும் வந்து என்னுடையதைப் பார்த்துவிட்டுப் போ என்றார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். விமானத்தைக் கட்டுவது என்றால் என் சொத்தை நான் காப்பாற்றிக்கொள்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். லேக்லாண்டில் ஒழுங்காகக் கட்டியிருந்த விமானங்களின் மேலும் கட்டாதவை வந்து விழுந்தன. நான் எவ்வளவு கெட்டியாகக் கட்டினாலும் என் வண்டியைக் காப்பது பக்கத்து வண்டியின் கயிறுதான். என் கயிறு காப்பது அவரை.

அவர் செரோக்கியைப் போய்ப் பார்த்தேன். பிறகு மூனியை. வரிசை முழுக்க ஆட்கள் அப்படித்தான் குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள், யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நாலு விமானம் தள்ளி ஒரு பையன், கூடாரத்துக்கு அடிக்கும் மெல்லிய குச்சிகளில் விமானத்தைக் கட்டியிருந்தான். அவனை ஒருவரும் திட்டவில்லை. யாரோ ஒரு செட் முளை கொண்டுவந்தார்கள், யாரோ சுத்தியல். நான் கயிறு பிடித்தேன். முதல் துளிகள் விழும்போது கடைசி முளை இறங்கியது.

பெரியவர்களையும் குழந்தைகளையும் குளியலறைக் கட்டடத்துக்கு அனுப்பியிருந்தோம். நானும் நனைந்துகொண்டு ஓடினேன். உள்ளே ஒரே நெரிசல். கம்பளி போர்த்தியவர்கள், தலையில் துண்டோடு பாதிக் குளியலில் நின்றவர்கள், ஒரு குழந்தையின் அழுகை. அம்மா சுவரோரமாகக் குந்தியிருந்தாள். வெளியே காற்று ஊளையிட்டது. ஆடி மாதக் காற்று. இருவருக்கும் ஒரே ராத்திரி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அன்னிக்கி அவுக மட்டும் தகரத்து மேல ரெண்டு கல்லு வச்சிருந்தா" என்று நான் ஆரம்பித்தேன்.

"நம்ம மோட்டார் ரூமுக்கும் கல்லு வைக்கலத்தா" என்றாள் அம்மா. "நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். உங்கப்பா நாளைக்கி, நாளைக்கின்னுட்டாரு. அவுகளுது பறந்துச்சு. நம்மளுது பறக்கல. அம்புட்டுத்தான்."

"இத்தன வருசமா ஏம்மா சொல்லல?"

"யாரு கேட்டா?"

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "அந்த வீட்டு அக்காவும் நானும் ரேசன் கடையில பேசிக்கிருவோம். உங்கப்பாவுக்குத் தெரியாது. ஒனக்கும் சொல்லல, நீ அவருக்கு மேல மொறச்சிக்கிட்டுத் திரிவ."

ஆக அப்பாவைத் தவிர, அந்தப் பகையை இவ்வளவு காலம் உண்மையாகக் காப்பாற்றி வந்தது வீட்டில் நான் ஒருத்திதான். அவர்கள் இருவரும் தங்கள் பாட்டுக்குச் சர்க்கரையும் பாமாயிலும் வாங்கிக்கொண்டு ஊர்க்கதை பேசியிருக்கிறார்கள். நான் வரப்பைச் சுற்றிப் போனேன். அப்புறம் கடலைத் தாண்டிப் போனேன். அதுவும் போதாமல் மூவாயிரம் அடி மேலே போனேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கம்பளிக்காரர் ஒருவர் அம்மாவிடம் பிஸ்கட் நீட்டினார். வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாள்.

மழை விட்டதும் டார்ச்சுகளோடு எல்லோரும் வெளியே போனோம். பின் வரிசையில் ஒரு விமானத்தின் ஒரு முளை பிடுங்கிக்கொண்டு, விமானம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. பத்துப் பேர் இறக்கையைப் பிடித்து நேராக்கினோம். இரண்டு கூடாரங்கள் வேலியில் தொங்கின. எங்கள் வரிசையில் சேதம் என்று சொன்னால் அம்மாவின் சேலைத் துண்டுகள் மட்டும்தான். பையனின் விமானம் அசையவில்லை. மண் நனைந்து இளகியிருந்ததால், மறுநாள் காலை எல்லா முளைகளையும் பிடுங்கித் திரும்ப வேறு இடத்தில் அடித்தோம். குக்கரில் சோறு வைத்து, விமானங்களை விட்டுத் தள்ளி அடுப்பு வைத்ததால் நடந்து நடந்து பரிமாறினாள் அம்மா. ஊறுகாயை வாத்தியாரின் பேரன் ரொட்டியில் தடவித் தின்றான்.

கிளம்பும் நாளில் புல்லிலிருந்து ஓடுபாதை வரை அரை மணி நேர வரிசை. ரேடியோவில் அப்போதும் பேச வேண்டியதில்லை. கொடியைக் காட்டும் ஆளைப் பார்த்தால் போதும். மேலே ஏறி ஏரிக்கரையைத் தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டாள்.

இப்போது வருடாவருடம் போகிறேன். அம்மா வருவதில்லை. சத்தம் தாங்காதாம், போட்டோ அனுப்பு போதும் என்கிறாள். கோம்பைக்குப் போனபோது அந்த வரப்பில் நடந்தேன். அவர்கள் தோட்டத்தை இப்போது மகன் பார்க்கிறான், திராட்சையை எடுத்துவிட்டுத் தென்னை வைத்திருக்கிறான். மோட்டார் ரூமுக்குத் தளம் போட்டாயிற்று. நின்று பேசினோம், தேங்காய் விலையைப் பற்றி.

முளையில்லாமல் வருபவன் ஒவ்வொரு வருடமும் ஒருவனாவது இருப்பான். ஆகவே முளையும் கயிறுமாக ஒரு செட் கூடுதலாகக் கொண்டுபோகிறேன். நாலு கிலோவுக்குக் குறையாது. சாமான் இடத்தின் 54 கிலோவில் அது அடங்கவில்லை என்பதால், பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டு இறுக்கிவிடுகிறேன்.